வீட்டில் இரண்டு கணினிகளுக்கு இடையே கோப்புப் பகிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடத்தில் ஒரு மேசைக்கணினி, அறையில் ஒரு மடிக்கணினி. ஒன்றில் இருக்கும் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் மற்றொன்றில் திறக்க வேண்டும். இந்தச் சிறிய தேவைக்காக இன்றும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் நடப்பவர்கள் பலர். உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் இதைச் சரிசெய்து கொடுக்கப் போனபோதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

இரண்டு கணினியும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. அது போதாதா? தனியாக ஏதாவது மென்பொருள் வாங்க வேண்டுமா?

எதையும் வாங்க வேண்டியதில்லை. எஸ்எம்பி என்ற பகிர்வு முறை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒரே வைஃபையில் இருப்பது மட்டும் போதாது. பாதை, கதவு, சாவி ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால்தான் கோப்பு கைக்கு வரும். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு போய்ச் சேர்வது பாதை. கோப்புறையைப் பகிர்ந்து, வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் அதற்கு இடம்விட்டிருப்பது கதவு. மற்ற கணினி ஏற்றுக்கொள்ளும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சாவி.

பிழைச்செய்தி எதுவாக இருந்தாலும், இவற்றில் எது தடைபட்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். சாவி பொருந்தாத இடத்தில் ரௌட்டரை மாற்றியவர்களையும், பாதையே இல்லாத இடத்தில் பத்து முறை கடவுச்சொல்லை மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். கீழே வரும் விடைகளிலும் இந்த மூன்று சொற்களையே பயன்படுத்துகிறேன்.

முன்பு ஹோம்குரூப் என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று?

வீட்டுக் கணினிகளுக்கிடையே பகிர்வை எளிதாக்கிய அந்த வசதி, 2018ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதைத் தேட வேண்டாம். அடுத்த விடையில் உள்ள முறையே இப்போது வழி.

எங்கெங்கே எதை ஆன் செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

இரண்டு கணினிகளிலும் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் பகுதியில் நீங்கள் இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் பண்புகளைப் பாருங்கள். அது ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். புதிதாக இணையும் எந்த நெட்வொர்க்கையும் விண்டோஸ் 11 பப்ளிக் என்றே எடுத்துக்கொள்கிறது. ரயில் நிலையத்து வைஃபைக்கு அது சரியான பாதுகாப்பு, ஆனால் வீட்டில் பகிர்வைத் தடுத்துவிடும். நான் பார்த்த வீடுகளில் சிக்கலுக்கு மிகுதியான காரணம் இதுதான்.

அடுத்து ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ பக்கத்தில், பிரைவேட் பிரிவின் கீழ் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ ஆகிய இரண்டையும் ஆன் செய்யுங்கள். பிறகு பகிர வேண்டிய கோப்புறையின் மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ் சென்று, ‘ஷேரிங்’ தாவலில் உள்ள ‘ஷேர்’ பொத்தானை அழுத்தி, யாருக்கு, எந்த அளவு அனுமதி என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழு சி டிரைவையும் பகிராதீர்கள். தேவையானவற்றுக்கென ஒரு தனிக் கோப்புறை உண்டாக்கி அதை மட்டும் பகிர்வது நல்லது.

‘நெட்வொர்க்’ என்ற இடத்தைத் திறந்தால் மற்ற கணினி தெரியவே மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் இணைப்பு இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. அந்தப் பட்டியல் ஒரு வசதி மட்டுமே. அதில் பெயர் வராத கணினியும் நன்றாக வேலை செய்யும். கணினிகள் தம் இருப்பை அறிவித்துக்கொள்வதை வைத்து உருவாகும் பட்டியல் அது. ‘ஃபங்க்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற பின்னணிச் சேவை ஓடாவிட்டால் அறிவிப்பு வெளியே போகாது, பெயரும் வராது. சர்வீசஸ் பட்டியலில் அந்தச் சேவையைத் தானாகத் தொடங்கும்படி அமைத்தால், பெரும்பாலும் பெயர் தெரியத் தொடங்கிவிடும்.

ஆனால் சோதிப்பதற்கு அந்தப் பட்டியலை நம்பாமல், நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை நேரடியாகப் பயன்படுத்துங்கள். மற்ற கணினியில் நெட்வொர்க் பண்புகளைத் திறந்தால் 192.168.1.5 என்பதுபோல ஓர் ஐபிவி4 முகவரி இருக்கும். உங்கள் கணினியின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில், மேலே உள்ள முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று, முன்னால் இரண்டு பின்சாய்வுக் கோடுகளுடன் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். கோப்புறை திறந்தால் எல்லாம் சரி. கடவுச்சொல் கேட்டால் பாதையும் கதவும் சரி, சாவியை மட்டும் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் சுற்றிவிட்டுப் பிழை காட்டினால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

முகவரியைப் போட்டாலும் ‘நெட்வொர்க் பாத் வாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று, 80070035 என முடியும் ஒரு எண்ணுடன் பிழை வருகிறது. என்ன செய்வது?

அந்த எண் பாதையோ கதவோ தடைபட்டிருப்பதைச் சொல்கிறது. கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரு கணினிகளின் முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால், உதாரணமாக 192.168.1.5, 192.168.1.9 என்றிருந்தால், வீட்டு ரௌட்டர்களின் வழக்கமான அமைப்பில் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் உள்ளன. ஒன்று 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள்.

முகவரிகள் சரியென்றால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல் சாளரத்தைத் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில், மற்ற கணினியின் முகவரியோடும் போர்ட் எண் 445 என்பதோடும் கொடுங்கள். எஸ்எம்பி பேசும் கதவு எண் அதுவே. முடிவில் ‘ட்ரூ’ என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது. ‘ஃபால்ஸ்’ என்று வந்தால் மற்ற கணினியின் நெட்வொர்க் வகையையும் ஃபயர்வாலையும் மறுபடி பாருங்கள். பலர், மற்ற கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடுகிறார்கள். ஃபயர்வால் பிங்கை மறித்துவிட்டுப் பகிர்வை அனுமதிப்பதும் உண்டு, பிங்குக்குப் பதில் தந்துவிட்டுப் பகிர்வை மறிப்பதும் உண்டு. ஆகவே 445 சோதனையே நம்பத்தக்கது.

மாடியில் உள்ள கணினியிலிருந்து கீழே உள்ளதைத் திறக்க முடிகிறது. கீழே இருந்து மேலே உள்ளதைத் திறக்க முடியவில்லை. இது எப்படி?

ஒரு திசையில் மட்டும் வேலை செய்வது, வீட்டில் இரண்டு ரௌட்டர்கள் இருப்பதற்கான நல்ல அடையாளம். இணைய நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டியே ஒரு ரௌட்டர்தான். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரௌட்டரை வாங்கி, இணையம் உள்ளே வருவதற்கான அதன் ‘வான்’ துளையில் கேபிளைச் செருகியிருப்பார்கள். அப்போது கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் இரு தனி நெட்வொர்க்குகள் உண்டாகிவிடும். மாடி ரௌட்டருக்கு உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. இணையம் இரண்டு இடத்திலும் நன்றாக வருவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. என் அத்தை வீட்டில் பல மாதங்கள் இப்படியே இருந்தது.

இரண்டாவது ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். அது இல்லாத ரௌட்டரில், அதன் முகவரியை முதல் ரௌட்டருடன் மோதாதபடி மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை நிறுத்தி, கேபிளை வான் துளைக்குப் பதில், வீட்டுக் கருவிகளுக்கான ‘லான்’ துளையில் செருக வேண்டும்.

இரண்டு திசையிலும் வேலை செய்யவில்லை, முகவரிகளும் சரி என்றால், ஒரு கணினி விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையும், சில ரௌட்டர்களில் உள்ள ‘ஏபி ஐசோலேஷன்’ என்ற அமைப்பும், இணைந்திருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுப்பதற்காகவே வைக்கப்பட்டவை.

ஃபயர்வாலை முழுவதும் ஆஃப் செய்துவிட்டால் வேலை எளிதாக முடியாதா?

முடியும், ஆனால் வேண்டாம். ‘பிரைவேட்’ என்று மாற்றிப் பகிர்வை ஆன் செய்தாலே ஃபயர்வாலில் தேவையான விதி மட்டும் திறக்கும்; அதுவும் அதே நெட்வொர்க்கில் உள்ள கணினிகளுக்கு மட்டும். முழுவதையும் நிறுத்திவிட்டால், மடிக்கணினியை வெளியே எடுத்துச் செல்லும் நாளிலும் அது நிறுத்தப்பட்டே இருக்கும், அன்றைக்கு யாருக்கும் நினைவு வராது. காரணம் ஃபயர்வால்தானா என்று அறிய ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்து உடனே ஆன் செய்வதில் தவறில்லை. தனியாக வாங்கிய ஆன்டிவைரஸில் சொந்த ஃபயர்வால் இருந்தால், அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும். இணையத்தின் வழியே தனிப்பாதை அமைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

தம்பி, தினமும் கணினியைத் திறக்கும் நாலு இலக்க எண்ணைத்தான் போடுகிறேன். தவறு என்கிறதே?

அந்த நான்கு இலக்க ‘பின்’ எண் அந்தக் கணினியின் முன் அமர்ந்து திறப்பதற்கு மட்டுமே. நெட்வொர்க் வழியே அது செல்லாது. கைரேகையும் முகமும் அப்படியே. கேட்கப்படுவது மற்ற கணினியின் பயனர்பெயரும் முழுக் கடவுச்சொல்லும். மற்ற கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைகிறீர்கள் என்றால், முழு மின்னஞ்சல் முகவரியையும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கணினியில் ஒருமுறைகூடக் கடவுச்சொல்லால் நுழையாமல் பின் எண்ணை மட்டுமே பயன்படுத்தியிருந்தால், சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படலாம்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் நான் கையாளும் வழி, பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணக்கை உண்டாக்குவதுதான். கோப்புகள் இருக்கும் கணினியில், செட்டிங்ஸ் வழியே, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஓர் உள்ளூர்ப் பயனரைச் சேர்த்து, நல்ல கடவுச்சொல் வைத்து, கோப்புறையை அந்தப் பயனருக்குப் பகிருங்கள். மற்ற கணினியிலிருந்து நுழையும்போது பயனர்பெயரின் முன்னால் அந்தக் கணினியின் பெயரையும் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை வீட்டில் எல்லாருக்கும் சொல்ல வேண்டிய நிலையும் இதனால் வராது.

எங்கள் கணினிக்குக் கடவுச்சொல்லே கிடையாது. பெட்டியை வெறுமையாக விட்டு ஓகே கொடுத்தாலும் ஏன் ஏற்கவில்லை?

கடவுச்சொல் இல்லாத உள்ளூர்க் கணக்கால் நெட்வொர்க் வழியே நுழைவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. இதைத் தளர்த்தும் அமைப்பும், ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ என்பதை ஆஃப் செய்யும் வசதியும் இருக்கின்றன. இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் வைஃபை கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முந்தைய விடையில் சொன்ன தனிக் கணக்குக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கோப்புறை திறக்கிறது, படிக்கவும் முடிகிறது. ஆனால் எதையும் சேமிக்கவோ அழிக்கவோ முடியவில்லை.

விண்டோஸில் ஒரு பகிர்ந்த கோப்புறைக்கு இரண்டு இடங்களில் அனுமதி எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று ‘ஷேரிங்’ தாவலில் உள்ள பகிர்வு அனுமதி. மற்றொன்று ‘செக்யூரிட்டி’ தாவலில் உள்ள கோப்பு அனுமதி. நெட்வொர்க் வழியே வருபவருக்கு இவ்விரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ வழியாகப் பகிர்ந்தால், முதலில் எல்லாருக்கும் படிக்கும் உரிமை மட்டுமே தரப்படுகிறது. செக்யூரிட்டி தாவலில் முழு உரிமை இருந்தும் சேமிக்க முடியாமல் போவது இதனால்தான். சாதாரண ‘ஷேர்’ பொத்தான் இரண்டையும் சேர்த்தே அமைத்துவிடும் என்பதால்தான் மேலே அதைச் சொன்னேன்.

சிறிய கோப்புகள் சேமிக்கப்பட்டு, 4 ஜிபிக்கு மேற்பட்ட காணொளி மட்டும் மறுக்கப்பட்டால் அது அனுமதிச் சிக்கல் அன்று. பகிரப்பட்ட டிஸ்க் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது.

கடவுச்சொல்லை மாற்றினேன். அன்றிலிருந்து புதியதைக் கேட்காமலேயே மறுக்கிறது.

பழைய சாவியை உங்கள் கணினி நினைவில் வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் மற்ற கணினியின் பெயரிலோ முகவரியிலோ உள்ள பதிவை நீக்கிவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். 1219 என்ற எண்ணுடன் பிழை வந்தால், அதே கணினிக்கு ஏற்கெனவே வேறொரு பயனர்பெயரில் இணைப்பு திறந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் இதுவே மருந்து.

நேற்றுவரை நன்றாக இருந்தது. நாங்கள் எதையும் தொடவில்லை.

நீங்கள் தொடவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். மின்தடைக்குப் பிறகு ரௌட்டர் புதிய முகவரிகளைப் பங்கிட்டிருக்கலாம். நேற்று 5 என்று முடிந்த கணினியின் முகவரி இன்று 7 என்று முடியும். எனவே நிரந்தரப் பயன்பாட்டுக்கு முகவரியைவிடக் கணினியின் பெயரே மேல். பெயர் வேலை செய்யாத வீட்டில், ரௌட்டரின் அமைப்பில் அந்தக் கணினிக்கு மாறாத முகவரியை ஒதுக்கிவிடலாம். ரௌட்டரை மாற்றியிருந்தால், விண்டோஸுக்கு அது புதிய நெட்வொர்க்; வகை மறுபடியும் பப்ளிக் ஆகியிருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால், மேசைக்கணினி உறக்கநிலைக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். உறங்கும் கணினி கோப்பு தராது.

50 ஜிபி படங்களை அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கணினி பழுதா?

100 எம்பிபிஎஸ் கேபிள் இணைப்பில் நொடிக்கு ஏறக்குறைய 11 எம்பிதான் போகும். 50 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது கணக்குப்படி சரியே. கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி வரை வரும். அதே வேலை எட்டு நிமிடத்தில் முடியும், டிஸ்க் ஈடுகொடுத்தால். கிகாபிட் ரௌட்டரும் கணினியும் இருந்தும் 100இல் நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100க்கு நான்கு போதும். முனையில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் வேகம் தானாகக் கீழே இறங்கிவிடும்.

இரண்டு கணினிகளும் வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு துண்டும் முதலில் ரௌட்டருக்கும் பிறகு மற்ற கணினிக்குமாக இருமுறை காற்றில் பயணிக்கிறது. ஒன்றையாவது கேபிளில் இணைத்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், அதே அளவுள்ள ஒரு பெரிய கோப்பைவிட மெதுவாகவே போகும் என்பதையும் எதிர்பாருங்கள்.

ரௌட்டரே இல்லாமல் ஒரு கேபிளால் இரண்டையும் நேராக இணைக்கலாமா?

இணைக்கலாம், பெரிய இடமாற்றத்துக்கு நல்ல வழி. கிகாபிட் துளைகள் கம்பிகளைத் தாமே பொருத்திக்கொள்வதால் சாதாரண கேபிளே போதும். ஒன்றுக்கு 192.168.50.1 என்றும் மற்றொன்றுக்கு 192.168.50.2 என்றும் முகவரியும், இரண்டுக்கும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கும் கையால் கொடுங்கள். கேட்வே இடத்தை வெறுமையாக விடுங்கள். அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று விண்டோஸ் இதைப் பப்ளிக் வகையில் சேர்க்கும், மாற்ற மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் முகவரியைத் தானாகப் பெறும் அமைப்புக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து ரௌட்டரில் செருகும்போது இணையம் வராது.

ரௌட்டரின் யுஎஸ்பி துளையில் செருகிய பழைய டிஸ்க் புதிய கணினியில் மட்டும் திறக்கவில்லை. எஸ்எம்பி1 ஐ ஆன் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேறு வழியிருக்கும்வரை செய்யாதீர்கள். எஸ்எம்பி1 என்பது எஸ்எம்பியின் மிகப் பழைய பதிப்பு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற தீநிரல், எஸ்எம்பி1 இல் இருந்த ஒரு குறையின் வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் சிக்கின. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி1 ஐ விண்டோஸ் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. பழைய ரௌட்டர்களில் சில அந்த மொழியை மட்டுமே பேசும். டிஸ்க்கைக் கழற்றி ஒரு கணினியில் செருகி அங்கிருந்து பகிருங்கள். விண்டோஸ் 7 கணினிக்கும் எஸ்எம்பி1 தேவையில்லை, எக்ஸ்பிக்குத்தான் தேவை.

விண்டோஸ் 11 இன் 24ஹெச்2 பதிப்பில் புரோ வகைக் கணினிகள் ஒவ்வொரு எஸ்எம்பி இணைப்பிலும், இடையில் யாரும் தரவை மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் மின்னணுக் கையொப்பம் கேட்கின்றன. கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழையும் இணைப்பில் கையொப்பமிட முடியாது. கடவுச்சொல்லின்றி நெடுங்காலம் திறந்துகொண்டிருந்த டிஸ்க், இந்தப் புதுப்பிப்புக்குப் பின் மறுக்கப்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். அந்தக் கருவியில் ஒரு பயனரையும் கடவுச்சொல்லையும் அமைப்பதே தீர்வு.

ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய இரண்டு கணினிகள். பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாம் சரி. ஆனாலும் ஏற்கவே இல்லை.

இது கடினமான ஒன்று. முந்தைய விடைகளில் உள்ள எல்லாவற்றையும் சோதித்த பிறகே இங்கே வாருங்கள். ஒரு கணினியில் விண்டோஸை நிறுவி, அதன் நகலை அப்படியே மற்ற கணினிகளில் ஏற்றும் வழக்கம் உண்டு. முறையாகச் செய்யாத நகலில், எஸ்ஐடி எனப்படும் உள் அடையாள எண்ணும் இரு கணினிகளிலும் ஒன்றாகிவிடும். முன்பு இது தொல்லை தரவில்லை. 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்புக்கு வந்த புதுப்பிப்புகள் இதைச் சோதித்து, எண் ஒன்றாக இருந்தால் நுழைவை மறுக்கின்றன.

கட்டளைச் சாளரத்தில் ‘ஹூஆம்ஐ’ கட்டளையை, சாய்கோடும் ‘யூசர்’ என்ற சொல்லும் சேர்த்து, ஆங்கிலத்தில் இரண்டு கணினிகளிலும் கொடுத்துப் பாருங்கள். உள்ளூர்க் கணக்குகளில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணின் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு மீதியை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால், ஒரு கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வீட்டளவில் நேரான தீர்வு. நிறுவும் முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்திலிருந்தும் வீட்டுக் கோப்புறையைத் திறக்க, ரௌட்டரில் 445 ஐத் திறந்துவிடலாமா?

கூடாது. இணையத்தில் திறந்த 445ஐத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள் ஓய்வதே இல்லை. ரௌட்டரிலோ வீட்டுக் கணினியிலோ விபிஎன் அமைத்து அதன் வழியே வருவதே முறை.

இதோடு சேர்த்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கணினியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால், எழுதும் உரிமையுடன் பகிரப்பட்ட மற்ற கணினியின் கோப்புறையையும் அது பூட்டிவிடும். படங்களும் சான்றிதழ்களும் உள்ள கோப்புறைக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்; கழற்றி வைக்கும் டிஸ்க்கில் தனி நகலும் இருக்கட்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது, கோப்பும் திறக்கிறது. ஆனால் அப்பா தட்டச்சு செய்த தமிழ் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது. பகிர்வில் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, கோப்பு எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்திருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்களில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில்தான் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்தே தெரியும். அப்பாவின் கணினியில் உள்ள எழுத்துருவை இந்தக் கணினியிலும் நிறுவினால் தமிழ் தெரியும். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய ஆவணம் என்றால், எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடாக்கி வேறு பெயரில் சேமியுங்கள். மூலக் கோப்பை, மாற்றியதை ஒருமுறை முழுவதும் படித்துச் சரிபார்க்கும்வரை, அழிக்க வேண்டாம்.